எடை பார்க்கும் இரவு

சமையலறைத் தரையில் பன்னிரண்டு வரைபடத் தாள்களை
ஒட்டுநாடா போட்டு இணைத்தாயிற்று.
நாற்காலிகள் கூடத்துக்குப் போய்விட்டன.
பதின்மூன்றாவது தாள் கடையில் இல்லை.
அந்தப் பக்கத்துக்கு யாரும் கேட்பதில்லையாம்.
அது வர வேண்டிய இடத்தில்
அடுப்பு நிற்கிறது.

ஒரு முழங்காலை ஊன்றி,
மடங்க மறுக்கும் மற்றதைப் பக்கவாட்டில் நீட்டி,
சிவப்புப் பென்சிலால் வட்டம் போடுகிறாள் டெல்ஃபின்.
'இங்கேதான் விழுந்தேன்' என்கிறாள்,
பேருந்தில் குடையை விட்டுவந்தவள் போல.

தாளில் அந்த ஏரிக்குப் பெயர் இல்லை.
யாரோ பேனாவை உதறியதில் தெறித்த
ஆயிரம் நீலச் சொட்டுகளில் ஒன்று.
அவளுடைய டெனே மொழியில் பெயர் உண்டு.
ரொட்டியை மென்றபடியே சொன்னாள்,
தொண்டையில் ஒருமுறை தடுக்கி
மூக்கில் போய் முடிகிற சொல்.
என்ன அர்த்தம் என்றேன்.
ஏரி என்று அர்த்தம், என்றாள்.

மூன்று வருடம் முன்பு, ஆகஸ்ட் கடைசி.
ஈரப் பாறையில் அவள் கால் முறிந்த சத்தத்தை
சுள்ளி ஒடிகிறது என்றே நினைத்தேன்.
மரமே இல்லாத வெளியில் சுள்ளி ஏது
என்பது அப்புறம்தான் உறைத்தது.
விமானம் வந்தது. எங்களுக்கு இடமிருந்தது,
பச்சைப் படகுக்கு இல்லை.

அதை எடுத்துவரப் போகிறோம்.
பயணத்துக்கு வேறு நோக்கம் கிடையாது.
யெல்லோநைஃபில் கேட்டவர் எல்லாம் கணக்குப் போட்டுவிட்டார்கள்:
போகிற செலவுக்குப் புதுப் படகு மூன்று வாங்கலாம்.
டயர் கடை ஹூபர்ட் நான்கு என்கிறான்.

மிதவை விமானம் ஓட்டும் ராஸ்மஸ்
போன செப்டம்பரில் அந்தப் பக்கம் பறந்தானாம்.
பச்சையாக ஏதோ தெரிந்தது, என்றான்.
'செப்டம்பரில் எல்லாம் சிவந்துவிடும், அங்கே பச்சை ஏது?'
டெல்ஃபின் மேசையைத் தட்டினாள்.
பாசி, என்றான் அவன்.

முந்நூற்று எண்பது கிலோ, எங்கள் இருவரையும் சேர்த்து.
அதற்குமேல் ஒரு தேயிலைப் பொட்டலம்கூட ஏறாது.
குளியலறைத் தராசை நடுவில் வைத்திருக்கிறோம்.
அரிசி. மாவு. காய்ந்த கரிபூ இறைச்சி.
கொசுவலைத் தொப்பி இரண்டு.
கரடிக்கு அடிக்கும் மிளகுப் புட்டி
(உள்ளே வெடித்தால் நானும் சேர்ந்து அழுவேன்,
மிதவையில் கட்டு, என்பது ராஸ்மஸின் சட்டம்).
துடுப்பு மூன்று.

படகில்லாமல் துடுப்போடு போகிறவர்கள் நாங்கள்.
விமானம் இறக்கிவிட்டுத் திரும்பிவிடும்.
அந்தப் படகிலேயே முப்பத்தைந்து நாள்
ஆற்றோடு இறங்கிக் கடல்வாய்க்குப் போக வேண்டும்.
'படகு இல்லாவிட்டால்' என்று நோட்டில் எழுதி
இரண்டு முறை அடிக்கோடு இட்டாள்.
அதன் கீழே இப்போதைக்கு
தேநீர்க் கோப்பையின் வட்டம் மட்டும்.

சில இரவுகளில் தூக்கத்திலிருந்தே கேட்பாள்:
கவிழ்த்துத்தானே வைத்தாய்?
கவிழ்த்துத்தான் வைத்தேன்.
இறுக்கிக் கட்டினாய்தானே?
கட்டினேன்.
விமானத்தின் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது,
அவள் உதடு வெளுத்துப்போயிருந்தது,
கயிறு கையில் இருந்தது ஞாபகம் இருக்கிறது.
முடிச்சு ஞாபகம் இல்லை.

தராசில் ஏறி நிற்கிறாள். அறுபத்தெட்டு.
'காலுக்குள் இருக்கிற கம்பியைக் கழி.'
அதுவும் கூட வருகிறதே, என்கிறேன்.
'வருகிற இடத்துக்கு வழி தெரிந்த ஒரே ஆள் அதுதான்.'

இன்னும் நான்கு கிலோ அதிகம்.
சர்க்கரையில் கை வைக்காதே, என்கிறாள்.
நள்ளிரவு தாண்டியும் சன்னலில் வெயில்.
ஏரியில் பனி இன்னும் அசையவில்லை என்று
ராஸ்மஸ் குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறான்.
அதைப் படிக்காமலே எழுந்து,
தாள்களை மிதிக்காமல் நொண்டிக் கடந்து,
பதின்மூன்றாவது தாளின் மேல்
வெறுங்காலோடு நின்று
தேநீருக்குத் தண்ணீர் வைக்கிறாள்.
நான் மறுபடி
உப்பிலிருந்து தொடங்குகிறேன்.